கவுன்சலிங் பட்டியல்: மேலிருந்து கீழே

பிளஸ் டூ முடிவு வெளியாகும் நாளில், அறிவியல் பிரிவு மாணவர் இருக்கும் தமிழ்நாட்டு வீடுகளில் பொழுது சாய்வதற்குள் ஒரே கணக்கைப் போட்டு முடித்திருப்பார்கள். கணித மதிப்பெண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கி, மூன்றையும் கூட்டும் கணக்கு. மொத்தம் 200. ‘கட் ஆஃப் எவ்வளவு வருது?’ என்று மாமாவும் சித்தப்பாவும் போனில் கேட்பது இந்தத் தொகையைத்தான். அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்கு அந்த மாணவரை அடையாளம் காட்டப்போவதும் இந்த எண்தான்.

பி.இ., பி.டெக். படிப்புகளுக்கான தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையை அரசாணைகள் ‘ஒற்றைச் சாளர முறை’ என்கின்றன. மக்களுக்கு அது ‘கவுன்சலிங்’. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்குத் தனித்தனியாக விண்ணப்பம் வாங்கி அலையாமல், ஒரே விண்ணப்பத்தில், ஒரே தரவரிசையில் இடம் பிடிக்கும் ஏற்பாடு இது. வெளிநாட்டு இந்தியருக்கானவை போன்ற சில தனி இடங்கள் நீங்கலாக, அண்ணா பல்கலைக்கழக வளாகங்களிலும் அரசுப் பொறியியல் கல்லூரிகளிலும் உள்ள இடங்கள் எல்லாமே இந்தச் சாளரம் வழியாகத்தான் நிரம்புகின்றன. தனியார் சுயநிதிக் கல்லூரிகள் 65 சதவீத இடங்களை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகள் என்றால் 50 சதவீதம். மிச்சம்தான் மேனேஜ்மென்ட் கோட்டா. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தச் சாளரத்துக்குள் வருவதில்லை. அவற்றுக்குத் தனி விண்ணப்பம், தனி நுழைவுத் தேர்வு, தனிக் கட்டணம்.

இந்த முறை 1997இல் தொடங்கியது. அப்போது பிளஸ் டூ மதிப்பெண்ணோடு நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் சேர்ந்தது. 1984 முதல் நடந்துவந்த அந்தத் தேர்வு நகரத்துப் பயிற்சி மையங்களை வளர்த்தது. கிராமத்து மாணவரைப் பின்னுக்குத் தள்ளியது என்ற புகார் நெடுநாள் இருந்தது. 2006இல் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்து, 2007இல் நடைமுறைக்கு வந்தபோது நுழைவுத் தேர்வு போய்விட்டது. அதிலிருந்து பொறியியலுக்குப் பள்ளி மதிப்பெண் மட்டும்தான் அளவுகோல்.

இருபது ஆண்டு காலம் கவுன்சலிங் என்றால் கிண்டிதான். திருநெல்வேலியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் இரவுப் பேருந்து ஏறி, விடியற்காலை அண்ணா பல்கலைக்கழக வாசலில் இறங்குவார்கள். பிள்ளையின் கையில் சான்றிதழ்கள் இருக்கும் பிளாஸ்டிக் ஃபைல். அப்பாவின் சட்டைப் பைக்குள் மடித்த வரைவோலை. அம்மாவின் கூடையில் கட்டுச்சோறு. பெரிய திரையில் கல்லூரி வாரியாகக் காலி இடங்கள் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே போய்க் கணினி முன் உட்கார்ந்தால் சில நிமிடங்களில் முடிவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரும்பிய கல்லூரியின் கடைசி இடம் போய்விட, அப்பாவும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்பதும் உண்டு. 2018இல் எல்லாம் இணையத்துக்கு மாறியது. 2019 முதல் பொறுப்பு தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்குப் போனது. பேருந்துப் பயணம் மிச்சமானது. ஆனால் பழைய முறையில் மாணவர் முன்னால் காலி இடம் கண்ணுக்குத் தெரிந்தது, பார்த்து எடுத்தார். இப்போது என்ன காலியாக இருக்கும் என்று தெரியாமலே பட்டியல் எழுதித் தர வேண்டும். முறை எளிதாயிற்று, முடிவெடுப்பது கடினமாயிற்று என்றே சொல்ல வேண்டும்.

கட் ஆஃப் கணக்கில் கணிதத்துக்குத்தான் பாதி எடை. கணிதத்தில் 92, இயற்பியலில் 85, வேதியியலில் 81 வாங்கியவருக்கு 92, 42.5, 40.5 என்று கூட்டி 175 வரும். அதே மூன்று எண்களை இடம் மாற்றி, கணிதத்தில் 81, இயற்பியலில் 92, வேதியியலில் 85 என்று வைத்தால் 169.5தான். மூன்று பாடங்களின் கூட்டுத்தொகை இருவருக்கும் 258. கட் ஆஃபில் இடைவெளி ஐந்தரை மதிப்பெண். நடுத்தரக் கட் ஆஃபில் ஐந்தரை மதிப்பெண் என்பது ஆயிரக்கணக்கான ரேங்க். ‘மொத்தத்துல நல்ல மார்க்தானே, ஏன் ரேங்க் இப்படி?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை இந்தக் கணக்கில்தான் இருக்கும்.

ஒரே கட் ஆஃபில் நூற்றுக்கணக்கானவர்கள் நிற்பது சாதாரணம். அப்போது முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், பிறகு இயற்பியல், அதன்பின் விதிகளில் சொல்லியிருக்கும் மற்ற அளவுகோல்கள். எல்லாமே சமமாக இருந்தால் கடைசியில் சமவாய்ப்பு எண். கணினி ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் குலுக்கிக் கொடுக்கும் பத்து இலக்க எண் அது. ரேண்டம் நம்பர் வெளியாகும் நாளில் ‘என் நம்பர் ஒன்பதில் ஆரம்பிக்கிறது’ என்று மகிழ்வதும், ஒன்றில் ஆரம்பித்தால் முகம் வாடுவதும் ஆண்டுதோறும் நடக்கிறது. அந்த எண்ணுக்கு வேலையே வராமல் போகிறவர்கள்தான் மிகப் பெரும்பாலோர்.

விண்ணப்பம் என்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு மணி நேர வேலை. பதிவுக் கட்டணம் 500 ரூபாய். பட்டியல் இனத்தவர், அருந்ததியர், பழங்குடியினருக்கு 250. வீட்டில் வசதி இல்லாதவர்கள் மாவட்டந்தோறும் உள்ள சேர்க்கை உதவி மையங்களுக்குப் போய்ப் பதியலாம். அங்கே கணினியும் இருக்கும், கேட்டால் சொல்ல ஆளும் இருக்கும். ஆனால் பெரும்பாலானோர் போவது பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டருக்கு. அங்கேதான் ஒரு சின்னத் தவறு நடக்கிறது. மாணவருக்கு மின்னஞ்சல் முகவரி இல்லையென்றால், கடைக்காரர் தன்னுடைய முகவரியையோ, அவசரத்துக்குத் தன் கைப்பேசி எண்ணையோ போட்டுவிடுவார். நல்லெண்ணத்தில்தான் செய்வார். ஒரு மாதம் கழித்து ஓ.டி.பி. வரும்போது கடை பூட்டியிருக்கும். மாணவர் பெயரில் மின்னஞ்சல் ஒன்றைத் தொடங்கி, வீட்டில் எப்போதும் இருக்கும் கைப்பேசி எண்ணைக் கொடுத்து, கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதிவைப்பது பெரிய வேலையல்ல. அந்தக் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ‘சாய்ஸ் எல்லாம் நாங்களே போட்டுத் தருகிறோம்’ என்று சொல்லும் இடைத்தரகர்களிடம் அதைக் கொடுக்காமல் இருப்பதும் அவ்வளவு முக்கியம். சில கல்லூரிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குகிறவர்கள் அவர்களில் உண்டு.

சான்றிதழ்களில்தான் நாள்கள் கரையும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழாகிய டி.சி. ஆகியவை எல்லோருக்கும் வேண்டியவை. இடஒதுக்கீடு கேட்பவருக்குச் சாதிச் சான்றிதழும் வேண்டும். எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஏதாவது ஒரு வகுப்பைத் தமிழ்நாட்டுக்கு வெளியே படித்திருந்தாலும் இருப்பிடச் சான்று வேண்டும். உதவித்தொகைக்கு வருமானச் சான்று. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றும், கூடவே பெற்றோரும் பிள்ளையும் கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழியும். இவற்றுக்கெல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படியேறி வட்டாட்சியர் அலுவலகத்தில் கையெழுத்தாகி வர வேண்டும். மே, ஜூனில் மாநிலமே அந்த வரிசையில் நிற்கும். தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் மார்ச்சிலேயே விண்ணப்பித்துவைத்த வீடுகள் பதற்றமில்லாமல் இருக்கும்.

பெயரிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன் ஓர் இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப் பெயர். சாதிச் சான்றிதழில் ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும். இனிஷியலை எங்கே வைப்பது என்று நாம் ஒருபோதும் முடிவு செய்ததில்லை. கணினி அதற்காகக் காத்திருப்பதில்லை. சேர்க்கைக்கு அளவுகோல் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயர்தான். மற்றவற்றை அதற்கேற்பத் திருத்திக்கொள்வதே வழக்கம்.

தரவரிசைப் பட்டியல் வந்ததும் மாணவர் கையில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று பொதுத் தரவரிசை, மாநிலம் முழுவதும் எல்லோரையும் சேர்த்து எத்தனையாவது என்பது. மற்றது தன் சமூகப் பிரிவுக்குள் எத்தனையாவது என்பது. தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு 69 சதவீதம்: பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் இனத்தவருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. மீதி 31 சதவீதம் பொதுப் போட்டி, அதாவது ஓ.சி. இந்த 31ஐ ‘ஃபார்வர்டு கோட்டா’ என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தவறு. அந்த இடங்களுக்கு எந்தச் சமூகத்தவரும் தங்கள் ரேங்கின்படி போட்டியிடலாம். ஒரு மாணவரின் முறை வரும்போது, அவர் கேட்ட பாடப்பிரிவில் ஓ.சி. இடம் இருந்தால் முதலில் அதுதான் கிடைக்கும். அது தீர்ந்திருந்தால்தான் அவருடைய சமூகப் பிரிவு இடத்தைக் கணினி பார்க்கும். அதனால் நல்ல ரேங்க் எடுத்த பி.சி. மாணவர் ஓ.சி. இடத்தில் சேர்வதும், அவருடைய பி.சி. இடம் பின்னால் வரும் இன்னொருவருக்கு மிஞ்சுவதும் இயல்பான நடப்பு.

இதற்குள்ளேயே அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021இல் பொறியியலுக்கு வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. இந்த ஒதுக்கீட்டில் இடம் பெற்றவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் முதலியவற்றை அரசே ஏற்கிறது. நடுவில் ஓரிரு ஆண்டு தனியார் பள்ளியில் படித்த பிள்ளைகள் இந்த விதியால் வெளியே நின்றுபோவதும் உண்டு. பள்ளியிலிருந்து ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்றைச் சரிபார்த்து வைத்திருப்பது இங்கே முதல் வேலை.

அடுத்து வருவது விருப்பப் பட்டியல், அதாவது சாய்ஸ் ஃபில்லிங். கவுன்சலிங்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அதிகம் தவறு நடப்பதும் இங்கேதான்.

ரேங்கைப் பிரித்துச் சுற்றுகளாக அழைப்பார்கள்; அண்மை ஆண்டுகளில் மூன்று சுற்று. தன் சுற்று வந்ததும் மாணவர் வேண்டிய கல்லூரி, பாடப்பிரிவு இரண்டையும் சேர்த்து, வரிசையாக எத்தனை வேண்டுமானாலும் பதியலாம். கெடு முடிந்ததும் கணினி வேலையைத் தொடங்கும். ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுத்து, அவருடைய பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். முதல் வரியில் உள்ள இடம் இருக்கிறதா? இருந்தால் கொடுத்துவிட்டு அடுத்த மாணவருக்குப் போகும். இல்லையென்றால் இரண்டாம் வரி. அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நின்றுவிடும். அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே பார்க்காது.

இந்த ஒரு விதியிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன. எட்டாத கல்லூரியை மேலே எழுதுவதால் எந்த நஷ்டமும் இல்லை. கிடைக்காவிட்டால் கணினி அடுத்த வரிக்குப் போகும், அவ்வளவுதான். ஆனால் எளிதில் கிடைக்கும் கல்லூரியை ‘சேஃப்டிக்கு இருக்கட்டும்’ என்று மேலே எழுதினால், அதற்குக் கீழே எழுதிய அத்தனையும் வீண்.

திண்டுக்கல் பக்கத்து மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். கட் ஆஃப் 175. ‘முதலில் நிச்சயமாகக் கிடைக்கிறதைப் போடு, பிறகு ஆசைப்படுறதைப் போடலாம்’ என்று பெரியப்பா சொல்ல, வீட்டுக்கு இருபது கிலோமீட்டரில் உள்ள கல்லூரியின் கணினி அறிவியலை முதல் வரியில் வைக்கிறாள். மதுரையிலும் கோவையிலும் உள்ள பெயர்பெற்ற கல்லூரிகளை நான்காவது வரியிலிருந்து எழுதுகிறாள். கணினி முதல் வரியைப் பார்க்கிறது, இடம் இருக்கிறது, கொடுத்துவிடுகிறது. அதே சமூகப் பிரிவில், அவளைவிட மூன்று மதிப்பெண் குறைந்த வகுப்புத் தோழி, தன் ஒன்பதாவது வரியில் எழுதிய கோவைக் கல்லூரியில் சேர்கிறாள். அது இவள் பட்டியலில் ஐந்தாவது. ‘கவுன்சலிங்கில் ஏதோ கோளாறு’ என்று இந்த வீட்டில் பேச்சு நடக்கும். கோளாறு எதுவும் இல்லை. கேட்டதைத்தான் கணினி கொடுத்திருக்கிறது. எது கிடைக்கும் என்பதை வைத்து வரிசை போடாமல், எது வேண்டும் என்பதை வைத்து மட்டும் வரிசை போட வேண்டும். கிடைக்குமா என்பதை ரேங்க் பார்த்துக்கொள்ளும்.

மறுபக்கத் தவறும் உண்டு. பத்து பெரிய கல்லூரிகளை மட்டும் எழுதி நிறுத்திவிடுவது. பட்டியல் தீர்ந்தும் இடம் கிடைக்காவிட்டால் அந்தச் சுற்றில் கையில் எதுவும் இருக்காது. பட்டியலின் அடிப்பகுதியில், சேர மனமுள்ள, எட்டக்கூடிய இடங்கள் நிறையவே இருக்க வேண்டும். ஐம்பது, நூறு வரி எழுதுவது வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல. அதே சமயம், கிடைத்தாலும் சேரப் போவதில்லை என்று தெரிந்த கல்லூரியை எண்ணிக்கைக்காக எழுதினால், கடைசியில் அதுவே வந்து நிற்கும்.

கல்லூரிகளைப் பெயரால் தேடுவதைவிட எண்ணால் தேடுவது நல்லது. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரிக்கு 1, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரிக்கு 2006. ஒரே தெய்வத்தின் பெயரில், ஒரே தலைவரின் பெயரில் அரை டஜன் கல்லூரிகள் இருக்கும் மாநிலத்தில், பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்து வேறு மாவட்டத்தில் இடம் வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. ‘அண்ணா யுனிவர்சிட்டி’ என்ற சொல்லே ஒரு குழப்பம். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டிடக் கலைப் பள்ளி ஆகிய நான்கும் பல்கலைக்கழகத்தின் முதன்மைத் துறைகள். வட்டாரங்களில் உள்ள உறுப்புக் கல்லூரிகள் வேறு. இணைப்புப் பெற்ற தனியார் கல்லூரிகள் இன்னும் வேறு. பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆய்வகமும் ஆசிரியரும் ஒன்றல்ல.

வரிசை போடுவதற்கு எல்லோரும் கையில் எடுப்பது முந்தைய ஆண்டுக் கட் ஆஃப் பட்டியல். மாணவர் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் கட் ஆஃப் என்றே பெயர்; ஒரு கல்லூரியில் கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண்ணுக்கும் அதே பெயர். இரண்டாவதை ஏதோ கல்லூரி நிர்ணயித்த எல்லை என்று நினைத்து, ‘அங்கே 180 கேட்பார்களாம், நமக்கு 175தான்’ என்று எழுதாமலே விடுகிறவர்கள் உண்டு. யாரும் எதையும் கேட்பதில்லை. போன ஆண்டு அந்த இடத்தில் கடைசியாக நின்றவரின் மதிப்பெண் அது, அவ்வளவே. வினாத்தாள் கடினமான ஆண்டில் இறங்கும், எளிதான ஆண்டில் ஏறும். 2021இல் கொரோனாவால் பொதுத் தேர்வே நடக்காமல், பத்தாம் வகுப்புக்கு 50 சதவீதம், பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறைக்கும் அக மதிப்பீட்டுக்கும் 30 என்று மதிப்பெண் போட்டார்கள். அந்த ஆண்டுக் கட் ஆஃபை மற்ற ஆண்டோடு ஒப்பிடுவது வீண் வேலை. மதிப்பெண்ணைவிட ரேங்க் நம்பகமான வழிகாட்டி. 175க்கு ஒரு வருடம் கிடைத்த ரேங்க் அடுத்த வருடம் கிடைக்காது. ஆனால் இருபதாயிரமாவது ரேங்க்காரர் போன ஆண்டு எங்கே சேர்ந்தார் என்பது இந்த ஆண்டுக்கும் ஓரளவு பொருந்தும். தன் சமூகப் பிரிவின் ரேங்கையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

கல்லூரியா, பாடப்பிரிவா என்பது தீராத வழக்கு. கணினி அறிவியலும், அதையொட்டிப் பிறந்த செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், சைபர் பாதுகாப்பு போன்ற பெயர்களும்தான் இப்போது முதலில் நிரம்புகின்றன. பாடத்திட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இவற்றில் பல பாடங்கள் பொதுவானவை என்று தெரியும். பெயர் புதிதாக இருக்கிறது என்பதற்காக நல்ல கல்லூரியின் மின்னணுவியலையோ மின்னியலையோ விட்டுவிட்டு, ஆசிரியரே அமையாத இடத்தில் புதுப் பெயருக்குப் போவது நல்ல பேரம் அல்ல. சிவில், மெக்கானிக்கல் பிடித்துப் படிக்கிறவருக்கு இன்று ஒரு வசதிகூட உண்டு: போட்டி குறைந்திருப்பதால், அதே ரேங்கில் நல்ல கல்லூரியே கிடைக்கிறது.

நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகைகளைக் கல்லூரித் தேர்வுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. ‘இத்தனை நூறு வேலைவாய்ப்பு’ என்று போட்டிருக்கும். நான்கு நிறுவனங்களில் தேர்வான ஒரே மாணவர் அங்கே நான்காக எண்ணப்பட்டிருக்கலாம். தன்னாட்சி பெறாத கல்லூரிகளின் பருவத் தேர்வுத் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. ஒரு கல்லூரியில் நூறு பேர் எழுதினால் எத்தனை பேர் தேறுகிறார்கள் என்பதைப் பலகையைவிட நேர்மையாகச் சொல்லும் ஆவணம் அது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அவை இந்தப் பட்டியலில் ஒப்பிட வராது. அங்கே தேசியத் தர அங்கீகாரம் எந்தப் பாடப்பிரிவுக்கு இருக்கிறது, எதுவரை இருக்கிறது என்று பார்ப்பது உதவும். அதற்கும் மேலே, வகுப்பு நடக்கும் நாளில் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து, வாசல் டீக்கடையில் இரண்டாம் ஆண்டு மாணவரிடம் பத்து நிமிடம் பேசினால் தெரிவது, எந்த இணையதளத்திலும் தெரிவதில்லை.

கணினி முதலில் கொடுப்பது தற்காலிக ஒதுக்கீடு. அதற்கு மாணவர் குறித்த நாள்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இடம் போய்விடும். ஐந்து வகையில் பதில் சொல்லலாம். கிடைத்ததை ஏற்று நேராகக் கல்லூரியில் சேர்வது ஒன்று. கிடைத்ததை வைத்துக்கொண்டு, மேலே எழுதியவற்றில் ஏதாவது காலியானால் அதற்கு நகர்வது இரண்டாவது. இதற்கு உதவி மையத்தில் பணம் கட்டிக் காத்திருக்க வேண்டும். கிடைத்ததை விட்டுவிட்டு மேலே உள்ளவற்றுக்கு மட்டும் காத்திருப்பது மூன்றாவது. அடுத்த சுற்றுக்குப் போவது நான்காவது. முற்றாக விலகுவது ஐந்தாவது.

இதில் இரண்டாவதைத்தான் புரிந்துகொண்டு அழுத்த வேண்டும். மேலே நகர்த்தப்பட்டால் பழைய இடம் தானாகவே போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. ஒதுக்கீடு வந்தபின், ‘இதுவே நல்லாத்தான் இருக்கு, பஸ் வசதியும் இருக்கு’ என்று மனம் மாறியவர், பழக்கத்தில் ‘ஏற்று, மேலே’ என்பதை அழுத்திவிட்டு, வேண்டாத ஊருக்கு நகர்த்தப்பட்ட கதைகள் உண்டு. மூன்றாவதை அழுத்துகிறவருக்கு வேறு ஆபத்து: மேலே எதுவும் காலியாகாவிட்டால் அந்தச் சுற்றில் வெறுங்கைதான்.

பணக் கணக்குக்கு வருவோம். சுயநிதிக் கல்லூரிகளில் கவுன்சலிங் இடத்துக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017இல் வைத்த தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவென்றால் 55,000. மேனேஜ்மென்ட் இடத்துக்கு 85,000, 87,000. அரசுக் கல்லூரிகளில் இதைவிட மிகக் குறைவு. ஆனால் வீட்டுக் கணக்கைக் கவிழ்ப்பது பெரும்பாலும் கல்விக் கட்டணம் அல்ல. காலை ஆறரைக்கே தெருமுனையில் வந்து நிற்கும் கல்லூரிப் பேருந்தின் கட்டணம், விடுதி, மெஸ், சீருடை, பயிற்சி என்று தனித்தனி ரசீதுகளில் வருவதுதான். ஒதுக்கீட்டுக்கு முன்பே கல்லூரி அலுவலகத்தில் போன் செய்து, நான்கு ஆண்டுக்கும் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்பதில் தவறே இல்லை.

முதல் பட்டதாரிச் சலுகை 2010–11 முதல் உண்டு. குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டும்தான். அக்கா அந்தச் சலுகையில் படித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது. கவுன்சலிங் இடத்துக்குத்தான் பொருந்தும்; மேனேஜ்மென்ட் இடத்தில் சேர்ந்துவிட்டுக் கேட்க முடியாது. குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் பட்டியல் இன, பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022இல் புதுமைப் பெண், ஆண்களுக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் வந்தன. இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். கல்விக் கடனில் நான்கு லட்சம் வரை வங்கிகள் பிணை கேட்பதில்லை என்பது பொதுவான விதி. கவுன்சலிங் ஒதுக்கீட்டுக் கடிதம் இருந்தால் மேலாளர் முன் பேச்சு எளிதாகும்.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் ரசீதில்லாமல் கேட்கும் தொகைக்கு ஊர்வழக்கில் ‘டொனேஷன்’ என்று பெயர். 1992ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. சட்டம் இருக்கிறது, கேட்பதும் நிற்கவில்லை. பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே, ‘இப்போ புக் பண்ணினால் இவ்வளவு, ரிசல்ட் வந்த பிறகு இவ்வளவு’ என்று அவசரப்படுத்தும்போது பெற்றோர் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு கவுன்சலிங்கிலேயே அதே கல்லூரியில் அரசு இடம் கிடைத்தால், கொடுத்த பணத்துக்கு நடைநடையாய் நடக்க வேண்டியதுதான்.

பொறியியல் சாளரம் திறந்திருக்கும் அதே வாரங்களில் மற்ற சாளரங்களும் திறந்திருக்கும். நீட் எழுதியவர்களுக்கு மருத்துவக் கலந்தாய்வு, ஜே.இ.இ. எழுதியவர்களுக்குத் திருச்சி என்.ஐ.டி. உள்ளிட்ட தேசியக் கல்லூரிகளுக்கான கலந்தாய்வு, கோவை வேளாண் பல்கலைக்கழகம், கால்நடை மருத்துவம், சட்டம், அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான தனிப் பதிவு என்று எல்லாமே ஒன்றின்மேல் ஒன்றாக வரும். ஒரு நாள்காட்டியில் எல்லாக் கெடுவையும் எழுதிச் சுவரில் மாட்டுவது பழைய முறைதான். அதைவிடச் சிறந்தது இன்னும் வரவில்லை. திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடம் தமிழ்நாட்டு மாணவருக்கே என்பது ஜே.இ.இ. எழுதாமலிருக்கும் பலருக்குத் தெரிவதில்லை.

ஒரு கல்லூரியில் சேர்ந்தபின் வேறிடம் கிடைத்து மாறுவது இந்த நெருக்கடியில் சகஜம். அப்போது டி.சி.யையும் அசல் சான்றிதழ்களையும் பிடித்து வைத்துக்கொண்டு, முழுக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு. அசல் சான்றிதழைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது, சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. விலகுகிறவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும் நாள் கணக்கில் விதி உண்டு. விலகல் கடிதத்தைக் கையில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்வது இங்கே பாதி வேலை. வாய்வார்த்தையில் சொன்ன விலகலுக்குத் தேதி கிடையாது.

மூன்று சுற்றும் முடிந்த பிறகும் கதவு உடனே அடைக்கப்படுவதில்லை. பிளஸ் டூ துணைத் தேர்வில் தேறியவர்களுக்கும், முதலில் விண்ணப்பிக்காதவர்களுக்கும் துணைக் கலந்தாய்வு நடக்கும். அதன்பின் நிரம்பாத அருந்ததியர் இடங்களைப் பட்டியல் இனத்தின் மற்ற மாணவர்களுக்குத் தருவதற்கு ஒரு கலந்தாய்வு. மருத்துவத்துக்கும் என்.ஐ.டி.க்கும் எழுந்து போனவர்களின் இடங்கள் எல்லாம் இதற்குள் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. தாமதமாகக் காலியாகும் நல்ல இடங்கள் சில ஆண்டு முழுக்க ஆளில்லாமலே கிடக்கும். எந்தச் சுற்றிலும் மனதுக்குப் பிடித்தது கிடைக்காதவர், கிடைத்ததில் வேண்டாவெறுப்பாகச் சேராமல், அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்துவிட்டு நேரடி இரண்டாம் ஆண்டுக் கலந்தாய்வில் வரலாம். பிளஸ் டூ முடித்தவருக்கு அங்கேயும் இரண்டாம் ஆண்டிலேயே இடம் உண்டு என்பதால், டிப்ளமோ இரண்டு வருடத்தில் முடியும்.